ஊசியைக் கீழே வைக்கும் உரிமை

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கையுறைகளைச் சீர்செய்வது பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அதற்கென்றே யூடியூபில் ஏராளமான காணொளிகள் இருக்கின்றன. அதிலும் கேட்சரின் கையுறையைச் சீர்செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கிரிக்கெட்டுக்கு விக்கெட் கீப்பர் எப்படியோ, பேஸ்பாலுக்கு கேட்சர் அப்படி. அவருடைய கையுறையில் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்காது. உள்ளே திணிப்பு வைத்த வட்டமான மெத்தை போல இருக்கும். முன்தோல், பின்தோல், நடுவிலுள்ள திணிப்பு, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும் வலை என எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருப்பது ஒரு தோல்வார். வியர்வையிலும் வெயிலிலும் காய்ந்து அந்த வார் அறுந்துவிட்டால் கையுறை பிரிந்துபோகும்.

சீர்செய்பவர் முதலில் வார் எந்தத் துளையில் நுழைந்து எந்தத் துளையில் வெளியே வருகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்கிறார். பழைய வாரை வெட்டி எடுக்கிறார். தோலுக்கான சோப்பால் அழுக்கைத் துடைக்கிறார். பிறகு கொஞ்சமாக எண்ணெய் பூசுகிறார். அதிகம் பூசினால் தோல் கனத்துத் தொளதொளத்துவிடும். புது வாரின் நுனியைக் கூராகச் சீவி ஊசியில் கோத்து, ஒவ்வொரு துளையிலும் இழுத்து இறுக்கி, கடைசியில் முடிச்சுப் போடுகிறார். கீழே பாராட்டுகள் குவிகின்றன. "என்ன பொறுமை", "என்ன கலை" என்கிறார்கள். என் நண்பர்கள் பலரும் இந்தக் காணொளிகளைப் பகிர்ந்திருக்கிறார்கள். நானும் பகிர்ந்திருக்கிறேன்.

இதே வேலை திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றித் தினமும் நடக்கிறது. குடைக்கடியில், ஒரு சாக்கு விரிப்பில், குத்தூசியும் மெழுகு தடவிய நூலும் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். செருப்பு, பை, பெல்ட், பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்து, கிரிக்கெட் உறை என எது வந்தாலும் தைத்துக் கொடுக்கிறார்கள். அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. எடுத்தாலும் அதற்கு "வறுமை" என்று தலைப்பு வைப்பார்களே தவிர "கலை" என்று வைக்க மாட்டார்கள். அங்கேயும் தோல், இங்கேயும் தோல். அங்கேயும் ஊசி, இங்கேயும் ஊசி. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த வேறுபாடு?

தோலில் இல்லை என்பது தெளிவு. கிரிக்கெட் பந்தையே எடுத்துக்கொள்வோம். நல்ல பந்துக்கு மேலுறை மாட்டுத் தோல். நான்கு துண்டுகளை இணைத்து, நடுவில் ஆறு வரிசைத் தையல் போட்டு அதைச் செய்கிறார்கள். இந்தியாவில் அதற்குப் பேர்போன ஊர் மீரட். அங்கே பந்து தைப்பவர்களில் பெரும்பாலோர் ஜாதவ் சமூகத்துத் தலித் மக்கள். அவர்கள் தைத்த பந்தை எந்தச் சாதிக்காரரும் கையில் வாங்குகிறார். கால்சட்டையில் தேய்க்கிறார். கொரோனாவுக்காகத் தடை வரும்வரை எச்சில் தொட்டுப் பளபளப்பாக்கினார். மாட்டுத் தோலில் எச்சில் தடவி மீண்டும் வாயருகே கொண்டுபோன காலமெல்லாம் யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை. பந்துக்குத் தீட்டு கிடையாது, தைத்தவருக்கு உண்டு என்பதுதான் சாதியின் விந்தையான இயற்பியல்.

தைத்தவரின் சமூகத்திலிருந்து ஒருவர் ஆட வந்தால் என்ன ஆகும்? அதற்கும் நம்மிடம் வரலாறு இருக்கிறது. 1876இல் தார்வாடில் பிறந்த பல்வங்கர் பாலு, தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சம்பார் சமூகத்தைச் சேர்ந்தவர். புனேயில் வெள்ளையர்களின் மன்றத்தில் மைதான வேலை பார்த்தார். அங்கே அவர்களுக்கு வலையில் பந்து வீசியே இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளராக வளர்ந்தார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகள் எடுத்தார். ஆனால் புனே இந்துக்களின் அணியில் அவர் ஆடிய காலத்தில், தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். அவர் கையிலிருந்து வந்த பந்தைப் பிடிக்கலாம். அவர் குடித்த கோப்பையைத் தொடக் கூடாது. இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல் அணித்தலைவரானபோதுதான் அந்தக் கதவு திறந்தது.

இப்போது அந்தக் கேட்சர் கையுறைக்குத் திரும்புவோம். அதுவும் கள்ளமற்ற பொருள் கிடையாது. 1884இல் டொலிடோ அணிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் கேட்சராக ஆடினார். நல்ல கையுறைகள் வராத காலம். பெரும்பாலும் வெறுங்கையால் பிடித்தார். கேட்சர் சைகை காட்ட, அதற்கேற்பப் பந்து வீசுவதுதான் பேஸ்பால் முறை. அவர் அணியின் வெள்ளைப் பந்துவீச்சாளர் டோனி முல்லேன், ஒரு கறுப்பரின் சைகைக்குக் கட்டுப்படுவதா என்று அதைப் பார்க்காமலே வீசினார். தான் பார்த்ததிலேயே சிறந்த கேட்சர் வாக்கர்தான் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அதாவது திறமை தெரிந்தே இருந்தது. சொன்னபடி கேட்கத்தான் மனம் வரவில்லை. அதன் பிறகு பெரிய லீக்குகளின் கதவு கறுப்பர்களுக்குச் சாத்தப்பட்டது. கறுப்பர் லீக்குகளின் மாபெரும் கேட்சர் ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களமிறங்கி அந்தக் கதவை உடைத்தார். மூன்று மாத இடைவெளியில் கிப்சனின் வாழ்க்கை வெளியிலேயே முடிந்துபோனது. 2024இல்தான் கறுப்பர் லீக் கணக்குகள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

நிறவெறி, கையுறையை யார் அணியலாம் என்று தீர்மானித்தது. சாதி அதற்கும் முந்தைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. தோலை யார் உரிக்க வேண்டும், யார் பதனிட வேண்டும், யார் தைக்க வேண்டும் என்று பிறப்பிலேயே எழுதிவிடுகிறது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்று 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் விளக்கிவிட்டார். அமெரிக்காவில் கையுறைக்கு வார் கோப்பவர் மாலையில் ஊசியை வைத்துவிட்டு அலுவலக வேலைக்குப் போகலாம். நாளை சலித்துவிட்டால் மரவேலைக்கு மாறலாம். அவரை யாரும் அந்த ஊசியின் பெயரால் அழைப்பதில்லை. பொழுதுபோக்கு என்றால் அதுதான். விரும்பும்போது எடுக்கவும், வேண்டாம் என்றால் வைத்துவிடவும் உள்ள உரிமை. நம் ஊரில் அந்த வேலையையே செய்யாத மூன்றாம் தலைமுறைப் பொறியாளரையும் அந்த ஊசியின் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். அவர் கீழே வைத்த பிறகும் அவர் கையில் அதைத் திணித்துக்கொண்டே இருக்கிறது இந்தச் சமூகம்.

நான் எங்கள் பகுதி அணிக்குக் கீப்பிங் செய்பவன். போன ஆண்டு என் பழைய கீப்பிங் உறையின் உள்ளங்கை ரப்பர் கழன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்த இணைப்பும் பிரிந்துவிட்டது. பேருந்து நிலையம் அருகே ஒரு அண்ணனிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோலு நல்ல தோலு தம்பி. நூலுதான் செத்துப்போச்சு" என்றார். பழைய தையல் துளைகளிலேயே புது நூலை ஓட்டினார். புதிதாகத் துளை போட்டால் தோல் கிழிந்துவிடும் என்று விளக்கினார். முக்கால் மணி நேர வேலை. அறுபது ரூபாய் கேட்டார். "இவ்வளவு நேரம் ஆச்சேண்ணே" என்று நூறு ரூபாய் கொடுத்தேன். "உங்க பையன் இந்தத் தொழிலுக்கு வருவாராண்ணே?" என்று கேட்டதற்கு, "அவன் பாலிடெக்னிக் படிக்கிறான். வந்தா நானே அடிச்சு வெரட்டிருவேன்" என்று சிரித்தார். மறுநாள் மைதானத்தில் உறையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று மெச்சிய அணித்தோழர் ஒருவர், எங்கே தைத்தது என்று தெரிந்ததும், "கழுவிட்டுப் போட்டியா?" என்று கேட்டார். அன்று முழுக்க அவர் வீசிய தோல் பந்தைத்தான் அந்த உறையால் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பந்தைக் கழுவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

திண்டுக்கல்லுக்கும் தோலுக்குமான உறவு நேற்று வந்ததில்லை. பேகம்பூர், வத்தலக்குண்டு சாலைப் பக்கம் போனால் தோல் பதனிடும் ஆலைகளின் வாடையே வழி சொல்லும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்திலிருந்து குரோமியம் வந்த காலம்வரை, சுண்ணாம்புத் தொட்டியிலும் உப்புக் கிடங்கிலும் கைகால் வெந்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். கழிவால் கெட்டுப்போன நிலத்தடி நீரைக் குடித்ததும் உழைக்கும் மக்களின் ஊர்கள்தான். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அபராதம் விதிக்கப்பட்ட ஆலைகள் இருந்த ஐந்து மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. நீருக்கு ஒரு விலை பேசப்பட்டது. தொழிலாளியின் தோலுக்கு யாரும் விலை பேசவில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த வங்காளத் தொழிலாளர்கள்.

அதே சமயம் இந்த ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைப்பட்டோம். அதே ஆண்டு கோலாப்பூர் செருப்புக்கும் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் மேடையில் அதே வடிவச் செருப்பைக் காட்டியபோது நாடே கொதித்தது. நம் பாரம்பரியத்தைத் திருடிவிட்டார்கள் என்றார்கள். யாருடைய பாரம்பரியம்? அந்தச் செருப்பைச் செய்த கைகளை ஊருக்கு வெளியே நிறுத்தியதும் இதே "நாம்"தானே? பொருள் வெளிநாடு போனால் தேசத்தின் சொத்து, செய்தவர் தெருவுக்குள் வந்தால் தீட்டு. இந்தப் பெருமையில் நமக்குப் பங்கு வேண்டாம்.

தோழர்கள் சிலர் வேறொன்றைச் சொல்கிறார்கள். பறையை இழிவிலிருந்து மீட்டு மேடைக்குக் கொண்டுவந்ததுபோல் தோல் தொழிலையும் பெருமைக்குரிய கலையாக மீட்கலாமே என்கிறார்கள். அந்த ஆசையை மதிக்கிறேன். ஆனால் பறை எப்படி மேடைக்கு வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆதிக்கச் சாதியினரின் சாவு வீட்டில் அடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக மறுத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், ஊர்விலக்கம் வாங்கினார்கள். அந்த மறுப்புக்குப் பிறகுதான் பறை விடுதலையின் இசையானது. மறுப்பு முன்னே, மீட்பு பின்னே. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, மக்கள் செத்த மாடுகளை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் தாய் என்றால் நீங்களே அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். தோலின் வரலாற்றில் மகத்தான கலை நிகழ்வு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் அதைத்தான் சொல்வேன்.

மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் போய் "உங்கள் கலை அழகு" என்று சொல்வது, அவரை அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார வைப்பதுதான். இது வெறும் கருத்து விவாதமாக நிற்கவில்லை, அரசுத் திட்டமாகவே வந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உண்டு. செருப்புத் தைப்பதும் அதில் ஒன்று. குடும்ப வழித் தொழில் என்பதுதான் அதன் அடித்தளம். 18 வயதிலேயே சேரலாம். கல்லூரியில் இருக்க வேண்டிய வயதில் அப்பாவின் ஊசிக்குக் கடன் தருகிறார்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் சொல்லித் தந்தை பெரியார் அதை எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே சரக்கு தெய்வத்தின் பெயரில் வந்திருக்கிறது.

தமிழ்நாடு அரசு அதை அப்படியே ஏற்க மறுத்து, கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 25 வகைத் தொழில்கள், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்பத் தொழிலாக இருக்கத் தேவையில்லை என்பவை அதன் விதிகள். இந்த வேறுபாடு சிறியதல்ல. ஒருவர் தொழிலைத் தேர்ந்தெடுக்கிறாரா, தொழில் அவரைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதே இதில் உள்ள கேள்வி. ஆனாலும் விதியிலிருந்து சாதியை நீக்கிவிட்டால் சந்தையிலிருந்து அது தானாகப் போய்விடாது. ஆதிக்கச் சாதி இளைஞர்கள் எத்தனை பேர் கடன் வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் குடை விரிப்பார்கள்? தோல் தொழில்நுட்பம் படிப்பதற்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள், 1948இல் தொடங்கிய அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு செய்வார்கள், ஏற்றுமதி நிறுவனம் நடத்துவார்கள். ஆய்வகத்துக்கும் ஏற்றுமதிக்கும் போகும்போது தோலுக்குத் தீட்டு கழன்றுவிடுகிறது. தெருவில் உட்காரும்போது ஒட்டிக்கொள்கிறது.

அதனால் நம் கோரிக்கைக்கு இரண்டு பக்கம் இருக்க வேண்டும். ஒன்று, வெளியேற நினைப்பவருக்கு வழி. 2009இல் அருந்ததியருக்குக் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உறுதிப்படுத்தியிருக்கிறது. அந்த இடங்கள் முழுவதும் நிரப்பப்படுகின்றனவா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம் வேலை. அதிலும் பள்ளிப் படிப்பைத் தாண்ட முடியாமல் நிற்கும் பெண் பிள்ளைகளுக்கு எந்த ஒதுக்கீடும் தானாக வந்து சேராது. விடுதியும் உதவித்தொகையும் நேரத்துக்குக் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, இன்று அந்த வேலையில் இருப்பவருக்கு உரிமை. அவர் மகன் பொறியாளராகும்வரை அவர் குடைக்கடியில்தான் உட்கார்ந்திருக்கப் போகிறார். சாலையை அழகுபடுத்துகிறோம் என்று முதலில் தூக்குவது அந்தக் குடையைத்தான். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவர்களை மட்டும் காக்கவில்லை. தெருவில் உட்கார்ந்து சேவை செய்பவரும் அதில் அடங்குவார். செருப்புத் தைப்பவர் சான்று கேட்கலாம். கணக்கெடுப்பில் பெயர் சேர்க்கச் சொல்லலாம். அது முடிந்து சான்று வழங்கும்வரை வெளியேற்றக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடங்கள் தெரு வியாபாரிகளுக்கு உண்டு. காலணி, தோல் தொழிலாளர்களுக்கென்று மாநிலத்தில் நலவாரியமும் இருக்கிறது. இந்த விவரங்கள் அவர்களில் பலரின் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அதைக் கொண்டுசேர்ப்பதற்குப் பெரிய இயக்கம் தேவையில்லை. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் தோல் தைப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் எத்தனை பேரிடம் தெரு வியாபாரிச் சான்று இருக்கிறது, எத்தனை பேர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள். உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். கல்லூரி அணியின் பந்தையும் உறையையும் அவர்களிடமே தைக்கக் கொடுத்து, வேலைக்குரிய கூலியை முழுதாகக் கொடுங்கள். கழுவிவிட்டுப் போட்டாயா என்று யாராவது கேட்டால் சிரித்துக் கடந்துபோகாமல், அங்கேயே, எல்லோர் முன்னாலும், பந்தைக் கையில் கொடுத்து இதை முதலில் கழுவு என்று சொல்லுங்கள்.